சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன்: 28 அடி மோட்டார்ஹோமுக்கு எந்த வழி?

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் லாஸ் வேகாஸில் 28 அடி மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வண்டி) வாடகைக்கு எடுக்கிறோம். குழந்தைகளோடு நாலு பேர், கையில் 9 நாள். யூட்டாவின் சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தென் விளிம்பு, இந்தத் தேசியப் பூங்காக்கள் நாலையும் பார்க்க ஆசை. எந்த வரிசையில் போகலாம்? இவ்வளவு பெரிய வண்டி இதுவரை ஓட்டியதில்லை.

பதில்: முதலில் ஆர்ச்சஸை எடுத்துவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் சேர்த்தால் 300 மைல் கூடுகிறது. அதுவும் லேசான மைல்கள் இல்லை. பிரைஸிலிருந்து கிழக்கே போகும் யூட்டா 12ஆம் சாலையில், எஸ்கலான்டேக்கும் போல்டர் ஊருக்கும் நடுவே ஒரு குறுகிய மலைமுதுகு வரும், இரண்டு பக்கமும் பள்ளம், தடுப்பு கிடையாது. அதைத் தாண்டினால் 9,600 அடி வரை ஏற்றம். காரில் போனால் மறக்க முடியாத சாலை, முதல் தடவை மோட்டார்ஹோம் ஓட்டுபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மீதி மூன்றும் ஒரு வட்டத்தில் அழகாக அமையும்: வேகாஸ், சயான், பிரைஸ், அரிசோனாவின் பேஜ் ஊர், தென் விளிம்பு, மறுபடி வேகாஸ். மொத்தம் சுமார் 900 மைல். இந்தத் திசையிலேயே போங்கள். பிரைஸ் 8,000 அடிக்கு மேல் இருக்கிறது, அக்டோபர் போகப்போக அங்கே குளிர் ஏறும், அதனால் அதை முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. வசந்த காலத்தில் போவதாக இருந்தால் இதையே திருப்பிப் போகச் சொல்வேன்.

இப்போது முக்கியமான விஷயம், சயான் சுரங்கப்பாதை. வரைபடத்தில் சயானிலிருந்து பிரைஸுக்கு 85 மைல்தான் காட்டும், அந்த வழி 1930இல் திறந்த, 1.1 மைல் நீளமுள்ள மவுண்ட் கார்மெல் சுரங்கம் வழியாகப் போகிறது. அந்தக் காலத்து வண்டிகளுக்காகக் குடைந்தது, பெரிய வண்டி வளைவில் நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்ப முடியாது. பல வருடங்களாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்தி, பெரிய வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். 2026 ஜூன் 7 முதல் அதுவும் கிடையாது. 11 அடி 4 அங்குல உயரம், 7 அடி 10 அங்குல அகலம், 35 அடி 9 அங்குல நீளம், இதில் ஒன்றைத் தாண்டினாலும் அந்தச் சாலையில் விடமாட்டார்கள். உங்கள் வண்டி நீளத்தில் தப்பிக்கும், ஆனால் வாடகைக்குக் கிடைக்கும் 28 அடி வண்டிகள் உயரம் 12 அடியை ஒட்டியும் அகலம் 8 அடிக்கு மேலும் இருக்கும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு, பணம் கட்டினால் விடுவார்கள் என்று கிளம்பிவிடாதீர்கள்.

அதனால் சயானின் மேற்குப் பக்கம், ஸ்பிரிங்டேல் வழியாக உள்ளே போய், வந்த வழியே வெளியே வாருங்கள். அப்புறம் ஹரிக்கேன் ஊரிலிருந்து யூட்டா 59, அரிசோனா 389 சாலைகளைப் பிடித்து கேனாப் ஊர், அங்கிருந்து 89ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே பிரைஸ். ஏறத்தாழ 160 மைல், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸுக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது, சுரங்கத்துக்கே இழுக்கும். கேனாப்பை இடையில் ஒரு நிறுத்தமாகப் போட்டு, ஹரிக்கேன் வழிதான் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எட்டு இரவுகளை இப்படிப் பிரிப்பேன். வண்டி கைக்கு வர மதியம் ஆகிவிடும், அதனால் முதல் இரவு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் வேலி ஆஃப் ஃபயர் மாநிலப் பூங்கா. சிவப்புப் பாறைகளுக்கு நடுவே தங்கலாம், வண்டியும் கொஞ்சம் பழகிவிடும். சயானில் இரண்டு இரவு, வாட்ச்மேன் முகாமில் மின் இணைப்புள்ள இடம் கிடைத்தால் விடாதீர்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, இலவச ஷட்டிலில் பள்ளத்தாக்கைச் சுற்றலாம். பிரைஸில் ஒரு இரவு, பேஜில் ஒன்று, தென் விளிம்பில் இரண்டு, கடைசி இரவு வேகாஸுக்கு அருகிலுள்ள போல்டர் சிட்டி பக்கம். தென் விளிம்பிலிருந்து வேகாஸ் 280 மைல், வண்டியைக் காலையிலேயே திருப்பித் தரச் சொல்வார்கள், அன்றைக்கே ஓட்டி வந்து சேரலாம் என்று நினைக்க வேண்டாம்.

பிரைஸில் அக்டோபர் இரவு உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களில் மின் இணைப்பு இல்லை, ஹீட்டரின் விசிறி வண்டியின் பேட்டரியில்தான் ஓடும். குழந்தைகள் இருப்பதால் நுழைவாயிலுக்கு வெளியே இணைப்புள்ள தனியார் முகாமில் தங்குங்கள். தூங்கப் போகும் முன் முகாமிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் வரும் குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைப் பம்பு போட்டுப் பயன்படுத்துங்கள். ஒரு முறை சோம்பலில் கழற்றாமல் விட்டுவிட்டேன், காலையில் குழாய் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது, காபிக்குத் தண்ணீர் வர பத்து மணி ஆகிவிட்டது.

பேஜ் போகும்போது நேரத்தைக் கவனியுங்கள். அரிசோனா கோடை நேரத்துக்கு மாறுவதில்லை, அக்டோபரில் யூட்டாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். பக்கத்திலேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலம் மாறிக்கொள்ளும், அதனால் போனில் நேரம் அங்கே முன்னும் பின்னும் தாவும். பேஜ் பக்கத்தில் இருக்கும் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பள்ளத்தாக்குக்கு வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், முன்பதிவு செய்யும்போது எந்த நேரம் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தென் விளிம்பில் மேதர் முகாமில் 30 அடி வரை விடுவார்கள், ஆனால் இணைப்பு எதுவும் கிடையாது. டிரெய்லர் வில்லேஜில் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் உண்டு, அதையே பாருங்கள். கிராண்ட் கேன்யனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய குழாய் அடிக்கடி உடைவதால், பேஜிலிருந்து வரும் வழியில் கேமரன் ஊரைத் தாண்டுவதற்குள் நன்னீர்த் தொட்டி நிரம்பியிருக்கட்டும். முகாம் இடங்களை இன்றைக்கே தேட ஆரம்பியுங்கள், டிரெய்லர் வில்லேஜிலும் வாட்ச்மேனிலும் எந்தத் தேதி கிடைக்கிறதோ அதை வைத்து மற்ற இரவுகளை நகர்த்திக்கொள்ளலாம்.