வாராவாரம் டெஸ்ட் தேவையா?

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. வாராவாரம் டெஸ்ட் வைக்கிறாங்க, படிக்கவே டைம் இல்லம்மான்னு புலம்புறா. இதெல்லாம் ரொம்ப ஓவர் இல்லையா சார்?

பதில்: டெஸ்ட் எழுதுறதும் படிப்புதாங்க. 2006-ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை செஞ்சு பார்த்தாங்க, ஒரு பாடத்த திரும்பவும் படிக்க விட்டாங்க, இன்னொன்ன பார்க்காம ஞாபகத்துலேர்ந்து எழுதச் சொன்னாங்க. 5 நிமிஷம் கழிச்சு கேட்டப்போ திரும்பப் படிச்சதுதான் முன்னாடி நின்னுச்சு, ஆனா ஒரு வாரம் கழிச்சு பார்த்தா அது சுமார் 42 சதவீதம்தான் ஞாபகம் இருக்கு, எழுதிப் பார்த்தது 56!

நம்ம பசங்க என்னடான்னா பக்கம் பூரா கலர் மார்க்கர்ல கோடு போட்டுட்டு படிச்சாச்சும்பாங்க (கண்ணுக்கு அழகா இருக்கும், அவ்ளோதான்). புக்க மூடிட்டு வெறும் பேப்பர்ல எழுதச் சொல்லுங்க, அப்புறம் புக்கோட ஒப்பிட்டு விட்டுப்போனத சிவப்புல குறிக்கட்டும், ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எழுதிப் பார்க்கட்டும். தப்ப திருத்தாம விட்டா அந்தத் தப்பே மனசுல உட்கார்ந்துக்கும், ஜாக்கிரதை.

மார்க்க சொல்லி வீட்ல திட்டுறீங்கன்னா மொதல்ல அத நிறுத்துங்க, பாதிப் புலம்பல் அதுக்காகத்தான் இருக்கும்.