11 வயதுப் பேரனுக்கு என்ன புத்தகம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா கேட்டிருக்கிறார்: "பேரனுக்கு 11 வயசு. வீட்டில் இங்கிலீஷ்தான். தமிழ் வகுப்புக்குப் போகிறான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். பள்ளிக்கூடத்தில் 'நீ இந்தியாவா?' என்று கேட்கிறார்களாம், முகம் வாடி வருகிறான். தான் யார் என்று தெரியவும் தைரியம் வரவும் புத்தகம் சொல்லுங்கள்."

ஆயா, அவனுக்கு இங்கிலீஷில் வயது 11, தமிழில் 6. ஒரே புத்தகத்தின் தலையில் இரண்டு வேலையையும் கட்டினால் இரண்டும் கெடும். மனசுக்கான கதையை அவன் தடையில்லாமல் படிக்கும் மொழியிலேயே கொடுங்கள். தமிழுக்கு வேறு வழி இருக்கிறது.

கடையில் பின்னட்டையை நம்பாதீர்கள். எல்லாப் பின்னட்டையிலும் 'துணிச்சல்' இருக்கும். நடுவில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். கதையில் வரும் பிள்ளை தானே ஒரு முடிவு எடுக்கிறதா, பெரியவர் யாராவது வந்து காப்பாற்றுகிறாரா? நம்மைப் போன்ற பிள்ளை கேலிபடுவதற்கு மட்டும்தான் வருகிறதா, இல்லை சிரிக்கவும் சண்டை போடவும் கிரிக்கெட் ஆடவும் செய்கிறதா? பக்கத்துக்குப் பக்கம் அவமானமே வரும் புத்தகம், 'உன் பேரே ஒரு பிரச்சினை' என்றுதான் பையனுக்குக் கற்றுக்கொடுக்கும். பிறகு அவனை ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அதை இப்போது வாங்க வேண்டாம்.

தொடங்குவதற்கு நான் சொல்வது பெவர்லி நாயுடு 1985-இல் எழுதிய 'ஜர்னி டு ஜோபர்க்'. மெலிந்த புத்தகம். தங்கைப் பாப்பாவுக்குக் காய்ச்சல்; அம்மா ஜொகன்னஸ்பர்க்கில் வீட்டு வேலையில். 13 வயது நலேடியும் 9 வயதுத் தம்பி டீரோவும் அம்மாவைத் தேடித் தாங்களே கிளம்புகிறார்கள். 1991 வரை இந்தப் புத்தகம் தென்னாப்பிரிக்காவில் தடை செய்யப்பட்டிருந்தது. பாஸ் சட்டம் (கறுப்பின மக்கள் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற இனவெறிக் காலச் சட்டம்) என்றால் என்ன என்று முன்கூட்டியே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் அந்தப் பிள்ளைகள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதே அவனுக்குப் புரியாது. ஆஸ்பத்திரிக் காட்சி வரும்போது பக்கத்தில் இருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிய குழந்தை நூல்கள் பலவற்றில் ஒரு குறை. சிறை, காய்ச்சல், 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் மரணம் என்று ஓடி முடித்துவிடுகின்றன. எதற்காகச் சிறைக்குப் போனார் என்பது விட்டுப்போனால் பிள்ளைக்கு மிஞ்சுவது சாவு மட்டும். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் 3 பவுன் வரி. 1913-இல் வந்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்றது. இவை இருக்கும் நூலாகப் பாருங்கள். இன்னொன்று: பெயரில் உள்ள தில்லையாடி அம்மாவின் ஊர். வள்ளியம்மை பிறந்தது ஜொகன்னஸ்பர்க்கில். 'நீ இந்தியாவா?' என்று கேட்கப்படும் பையனுக்கு இது முக்கியம்.

இனி தமிழ். படம் போட்ட குழந்தைக் கதையை நீட்டினால் 11 வயதுப் பையன் கூசிப்போவான். விலங்கு, கப்பல், விண்வெளி என்று தகவல் நூலாக எடுங்கள், அல்லது குட்டித் தம்பி தங்கைக்குப் படித்துக்காட்டும் வேலையைக் கொடுங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் இங்கிலீஷிலும், சிலவற்றை ஜூலுவிலும் இலவசமாக இறக்கலாம். வாசிப்பு நிலைகளில் முதல் இரண்டு போதும். நாளைக்கு 10 நிமிஷம், நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி. 'வந்துகொண்டிருந்தான்' என்று அச்சில் இருப்பதைப் படித்ததும், நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியும் ஒருமுறை சொல்லுங்கள். எழுத்து தெரிந்தும் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

கடையில் கிடைக்காத புத்தகத்தை வீட்டிலேயே செய்யலாம். ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம். குட்டை ஓரங்கள் சேர ஒருமுறை மடித்து, மடிப்புப் பக்கமிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் கத்தரியுங்கள். திறந்த பக்கமிருந்து வெட்டினால் புத்தகம் சேராது. விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் உள்ளே தள்ளினால் பக்கங்கள் நிற்கும்.

உள்ளே எழுத விஷயம், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களின் கப்பல் பட்டியலில் இருக்கிறது. 1860-இல் முதல் கப்பலான ட்ரூரோ வந்ததிலிருந்து 1911 வரை வந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடல் அடையாளம், காலனி எண் (ஒவ்வொருவருக்கும் அரசு கொடுத்த பதிவு எண்) எல்லாம் அதில் உண்டு. பழைய பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களில் அந்த எண்ணைத் தேடுங்கள். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது; குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது, ஆளின் பெயரும் தகப்பன் பெயரும்தான். முத்துசாமி என்ற ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருக்கும், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் கப்பலில் வந்த உங்கள் முன்னோரின் ஊர், ஒரு பக்கத்தில் நீங்கள் பிறந்த இடம், ஒன்றில் சாட்ஸ்வொர்த். கடைசிப் பக்கத்தைப் பேரன் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும், எழுத்துப்பிழை பார்க்காதீர்கள்.