சின்ன எம்மா, பெரிய எம்மா? கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் பெயர்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: மியூஸ்ஸ்கோர் என்ற இசைத்தாள் மென்பொருளில் எழுதிய என் பாட்டில் மைனர் கார்டுக்கு ஒரு இடத்தில் 'எம்', ஒரு இடத்தில் 'மின்', வேறொரு இடத்தில் கழித்தல் குறி. தானாகவே ஒரே மாதிரி ஆக்காதா?

ஆக்காது. மூன்றையும் மைனர் என்றே புரிந்துகொள்ளும். ஆனால் நீங்கள் அடித்த வடிவத்தையே தாளில் காட்டும். அதனால் முதல் கார்டை அடிக்கும் முன்பே எந்த வடிவம் என்று முடிவு செய்துவிடுங்கள். நான் மைனருக்குச் சின்ன எம், மேஜர் செவனுக்கு 'மேஜ்' என்று மூன்றெழுத்து வைத்திருக்கிறேன். மேஜரைக் குறிக்கும் பெரிய எம்மைத் தொடுவதே இல்லை. ஒரு ஒத்திகையில், மங்கலான ஜெராக்ஸில் இருந்த பெரிய எம்மைக் கிட்டார்காரர் சின்ன எம் என்று படித்துவிட்டார். கீபோர்டில் சி மேஜர் செவன்: சி, ஈ, ஜி, பி. கிட்டாரில் சி மைனர் செவன்: சி, ஈ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட் (ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே). நான்கில் இரண்டு ஸ்வரம் முட்டிக்கொள்ள, பாடிக்கொண்டிருந்தவர் அடுத்த வரியை எடுக்க முடியாமல் நின்றுவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. தாளை எழுதியவர்தான் கவனித்திருக்க வேண்டும்.

கேள்வி: ஜாஸ் தாள்களில் வரும் முக்கோணம், குறுக்குக் கோடு போட்ட வட்டம் இவற்றை எப்படி அடிப்பது?

கண்ட்ரோல், கே அழுத்தி கார்டு பெட்டியைத் திறந்து, வேர் ஸ்வரத்துக்கு, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்துக்குப் பின் சின்ன டி (t) அடித்தால் முக்கோணம், அதாவது மேஜர் செவன். பூஜ்ஜியம் அடித்தால் கோடு போட்ட வட்டம், அதாவது ஹாஃப் டிமினிஷ்ட். சின்ன ஓ அடித்தால் வெறும் வட்டம், டிமினிஷ்ட். பூஜ்ஜியமும் ஓவும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அடித்ததும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இசைப்பள்ளிக்குப் போகும் என் மகள் பி கார்டை 'ஹெச்' என்கிறாள். மென்பொருளில் மாற்ற முடியுமா?

முடியும். அங்கே ஹெச் என்றால் நம் பி. வெறும் பி என்றால் பி ஃபிளாட். ஃபார்மேட், ஸ்டைல், கார்ட் சிம்பல்ஸ் என்று போனால் ஸ்வரப் பெயர்களுக்கு ஃபுல் ஜெர்மன் முறை இருக்கும். ஆனால் அதே தாளைச் சென்னையில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பாதீர்கள். பி ஃபிளாட் வாசிக்க வேண்டிய இடத்தில் அவர் பி வாசிப்பார். அவருக்கு வேறு பிரதி எடுங்கள்.

கேள்வி: சுருதியை மாற்றினேன், ஸ்வரங்கள் மாறின, கார்டு பெயர்கள் மாறவில்லை.

கார்டை ஸ்டாஃப் டெக்ஸ்டாக அடித்திருப்பீர்கள். மென்பொருளுக்கு அது வெறும் எழுத்து. கண்ட்ரோல், கே வழியாகத் திரும்ப அடியுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால், சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பெட்டியில் கார்டு பெயர்களையும் மாற்றும் கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: பல வருடம் ஃபினாலே என்ற இசைத்தாள் மென்பொருளில் எழுதியவன் நான். இப்போது அதே வகை மென்பொருளான டோரிகோவுக்கு மாறுகிறேன். கார்டு விஷயத்தில் என்ன வித்தியாசம்?

2024 ஆகஸ்டில் ஃபினாலேவை நிறுத்துவதாக அதன் நிறுவனம் அறிவித்த பின் உங்களைப் போல நிறைய பேர் எழுதுகிறார்கள். டோரிகோவில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்தப் பகுதிதான். 'மின்' என்று அடித்தாலும் 'எம்' என்று அடித்தாலும் அது கார்டின் பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளும். தாளில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தனியாக ஒரே இடத்தில் தீர்மானிக்கலாம். ஆயத்த வடிவங்களும் உண்டு. அதில் பிராண்ட்-ரோமர் என்பது 1976-ல் கார்ல் பிராண்ட், கிளின்டன் ரோமர் இருவரும் வகுத்த முறை. மைனருக்கு 'எம்ஐ', மேஜருக்கு 'எம்ஏ' என இரண்டிரண்டு எழுத்து. இருட்டு மேடையில்கூட இரண்டும் குழம்பாது. நீங்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.