பெங்களூர் கேள்வி பதில்: பந்தலுக்குப் போகலாம் வாங்க

கேள்வி: மார்கழியில் சென்னைக்குப் போக லீவு கிடைப்பதே இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு நல்ல கச்சேரி கேட்க வழி உண்டா?
– எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்

பதில்: டிசம்பரை விடுங்கள், பெங்களூருக்கு சீசன் ராமநவமி. வெயில் ஏறுகிற நேரத்தில், சென்னையில் தொண்டை கட்டிப்போன வித்வான்கள் எல்லாம் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வருகிற நேரத்தில், இங்கே பேட்டைக்குப் பேட்டை பந்தல் போட்டுக் கச்சேரி வைப்பார்கள். பானகமும் நீர்மோரும் ஊறவைத்த பருப்பில் செய்கிற கோசம்பரியும் அந்தப் பண்டிகையோடு சேர்ந்தவை. இதில் பெரியது சாமராஜபேட்டை ராமசேவா மண்டலியுடையது. 1939-ல் எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் ஆரம்பித்தார், எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய மேடை அது. கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும். ஏப்ரல் மழை சில நாள் சாயங்காலம் வந்து பந்தல் கூரையில் தடதடவென்று விழும், அதையும் மீறிப் பாடுவார்கள், சபையும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும். என்னைக் கேட்டால் ஏசி ஹாலில் கேட்பதைவிட இதுதான் கச்சேரி.

உங்கள் பக்கத்திலிருந்து வருவதுதான் முன்பெல்லாம் பெரும்பாடு. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டுவதற்குள் வர்ணம் முடிந்து, கீர்த்தனையும் பாதி முடிந்திருக்கும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறந்துவிட்டார்கள் இல்லையா, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்குங்கள், மைதானம் பக்கத்தில்தான். அதே பச்சைத் தடத்தில் நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கினால் கே.ஆர். ரோடு காயன சமாஜம். 1905-லிருந்து இருக்கிற சபா, ராமநவமிக்கு என்று காத்திருக்க வேண்டாம், மற்ற மாதங்களிலும் கச்சேரி உண்டு. மல்லேஸ்வரம் பக்கம் போனால் சௌடையா ஹால், ஏழு தந்தி வயலின் வாசித்த மைசூர் சௌடையாவின் நினைவாக வயலின் வடிவத்திலேயே கட்டியது. குழந்தைகளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் இருக்கும் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். யாரிடம் பாஸ் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் விசாரிப்பது நம் ஆட்களிடம் ரொம்ப நாளாக இருக்கிற பழக்கம், அதை இந்த வருஷமாவது விடலாம். அப்புறம், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபிக்கு எழுந்து போகாதீர்கள். பாடகருக்கும் வயலினுக்கும் இரண்டு மணி நேரம் அனுசரித்து வாசித்துவிட்டு, மிருதங்கக்காரருக்கென்று கிடைக்கிற பத்து பதினைந்து நிமிஷம் அது. எதிரே நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டே அவர் வாசிப்பதைக் காணச் சகிக்கவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது, மூன்று வருஷமாகப் பரதம் கற்கிறாள். அடுத்த வருஷமே அரங்கேற்றம் வைத்துவிடலாம் என்று டீச்சர் சொல்கிறார். ஹால், ஆர்க்கெஸ்ட்ரா, நகை, வீடியோ என்று சொல்கிற தொகையைக் கேட்டால் ஒரு கல்யாணச் செலவு. என்ன செய்யட்டும்?
– அல்சூர் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, இப்போது வேண்டாம். அரங்கேற்றம் என்றால் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் முடித்து, வர்ணத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்று, பிறகு பதம், தில்லானா வரை ஒரே ஆள் தாங்க வேண்டும். வர்ணத்தில் நாயகனுக்காக ஏங்குகிற நாயகியாக நிற்க வேண்டும், ஒன்பது வயதுக் குழந்தை அதில் எதைப் புரிந்துகொண்டு முகத்தில் காட்டும்? சொல்லிக்கொடுத்ததைச் செய்யும், அவ்வளவுதான். அரைமண்டியில் உட்காரும்போது முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் நன்றாக விரிகிறதா, முதுகு நேராக நிற்கிறதா, மூன்றாம் காலத்தில், அதாவது ரொம்ப வேகத்தில், அடவு என்கிற அடிப்படை அசைவுகளைப் போடும்போதும் அது கலையாமல் இருக்கிறதா என்று நீங்களே வகுப்பில் உட்கார்ந்து கவனியுங்கள். கலைகிறது என்றால் இன்னும் சில வருஷம் அடவுதான் தேவை.

மேடை ஏற வேண்டும் என்று குழந்தை ஆசைப்பட்டால் நவராத்திரிக்குக் கோயிலில் ஒரு பாட்டுக்கு ஆடட்டும். கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று படிப்படியாகத் தேர்வுகள் இருக்கின்றன, அதில் ஜூனியருக்குத் தயார் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நல்ல டீச்சராக இருந்தால் சந்தோஷப்படுவார். கடன் வாங்கி மட்டும் அரங்கேற்றம் வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் குழந்தையை வருஷம் முழுக்கப் பெரிய கலைஞர்களின் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகலாம். வகுப்புக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு யார் ஆடியும் பார்த்ததில்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: சித்ர சந்தையில் தஞ்சாவூர் ஓவியம் வாங்கலாம் என்றிருக்கிறேன். பேரம் பேசலாமா? ஏமாறாமல் வாங்குவது எப்படி?
– ஜீவன் பீமா நகர் வாசகர்

பதில்: வருஷ ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு, சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் 2003-லிருந்து நடத்துகிற சந்தை இது. வரைந்தவரே ரோட்டோரம் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நடுவில் தரகர் கிடையாது, அதனால் காய்கறிக் கடை பேரம் பேசாதீர்கள். கட்டாது என்றால் சின்ன அளவில் ஒன்று கேளுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டத்தில் படமே தெரியாது. தஞ்சாவூர் ஓவியத்தில் சாக்பீஸ் பொடியும் பசையும் கலந்து நகை, தூண், வளைவெல்லாம் மேடாக எழுப்பி, கல் பதித்து, மேலே தங்கத்தாள் ஒட்டுவார்கள். மைசூர் ஓவியத்தில் அந்த மேடு ரொம்ப மெல்லிசு, தடவினால்தான் தெரியும், அழகெல்லாம் கோட்டில் இருக்கும். தங்கத்தாள் அசலா என்று நேராகக் கேளுங்கள், அசல் என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். போலித்தாள் சில வருஷத்தில் மங்கிப்போகும். முகத்தைக் கிட்டத்தில் பாருங்கள், கண்ணும் உதடும் தெளிவாக எழுதியிருந்தால் கை தேர்ந்தவர். கல் எவ்வளவு மின்னுகிறது என்று பார்த்து வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: ஆபீஸில் கன்னடத் தோழி கரகம் பார்க்கக் கூப்பிடுகிறாள். ராத்திரி முழுக்க நடக்குமாமே, போகலாமா? நமக்கு அதில் என்ன இருக்கிறது?
– விவேக் நகர் வாசகி

பதில்: கண்டிப்பாகப் போங்கள். திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயில் கரகம், சித்ரா பௌர்ணமி ராத்திரி. எடுப்பவர்கள் திகளர்கள், தமிழகத்திலிருந்து வந்து தோட்டக்காரர்களாக இங்கே வேரூன்றிய சமூகம் என்று சொல்வார்கள். தெய்வம் திரௌபதி. வட ஆற்காடு, விழுப்புரம் பக்கத்துக்காரர் என்றால் உங்கள் ஊரிலும் திரௌபதி அம்மன் கோயிலும் தீமிதியும் இருக்குமே, அவளேதான். நடுராத்திரிக்கு மேல்தான் கரகம் வெளியே வரும். பெண் வேஷம் கட்டிய ஆண், தலையில் மல்லிகைக் கோபுரம், கை வைத்துப் பிடிக்காமலே ஓட்டமும் நடையுமாக வருவார். சுற்றி வீரகுமாரர்கள் உருவிய கத்தியோடு ‘கோவிந்தா கோவிந்தா’ என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். காட்டன்பேட்டையில் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போய்விட்டுத்தான் கரகம் திரும்பும். இன்றைக்கு வருகிற செய்திகளைப் படித்துச் சோர்ந்துபோகிறவர்கள் இதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கூட்டம் நெரியும். சின்னக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தோழியோடு சேர்ந்தே இருங்கள், அந்தப் பேட்டையில் அவளுக்குத் தெரிந்த வீடு இருந்தால் மாடியில் நின்று பார்ப்பது உத்தமம்.

கேள்வி: ரங்கசங்கரா நாடக அரங்குக்குத் தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்களாமே, நிஜமா? கன்னட நாடகம் நமக்குப் புரியுமா?
– பொம்மனஹள்ளி வாசகர்

பதில்: நிஜம். கன்னட நடிகர் சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாகின் முயற்சியில் 2004-ல் திறந்த நாளிலிருந்து அதில் கறார்தான், அதுதான் சரியும்கூட. நடிகர் வாய் திறந்த பிறகு செல்போன் வெளிச்சத்தில் சீட் தேடினால் நாடகம் என்னாவது? பால்காரரோடும் ஆட்டோக்காரரோடும் தினம் கன்னடத்தில் பேசுகிறீர்கள், நாடகமும் புரியும், முதல் கால் மணி நேரம் மட்டும் பொறுமையாக உட்காருங்கள். அரங்கிலேயே கேன்டீன் இருக்கிறது, ஏழரை மணி நாடகம் என்றால் ஆறே முக்காலுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள்.