பிரிட்டனில் ‘சைக்கிள் டு வர்க்’ திட்டத்தில் மின் சைக்கிள் வாங்குவது உண்மையில் லாபமா?

கேள்வி: பிரிட்டனில் வேலை செய்கிறேன். அலுவலகத்தின் ‘சைக்கிள் டு வர்க்’ திட்டத்தில் மின் சைக்கிள் வாங்கினால் 42% வரை மிச்சம் என்கிறார்கள். உண்மையா? சேருவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: லாபம்தான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இருக்காது. கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது, வாடகைக் காலம் முடிந்தபின் சைக்கிள் எந்த வழியில் உங்களுக்குச் சொந்தமாகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஷெஃபீல்டில் வசிக்கும் நானும் என் மின் சைக்கிளை இத்திட்டத்தில்தான் வாங்கினேன் என்பதால், கணக்கைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1999ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் தந்த வரிவிலக்கின் பேரில் நடக்கும் இத்திட்டத்தில், சட்டப்படி நீங்கள் சைக்கிளை வாங்குவதே இல்லை. உங்கள் நிறுவனம் அதை வாங்கி உங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. அந்த வாடகை, வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கப்படுகிறது. எனவே அந்தத் தொகைக்கு நீங்கள் வருமான வரியும் கட்ட வேண்டியதில்லை, நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் கட்ட வேண்டியதில்லை. நிறுவனத்துக்கும் அதன் பங்கான 15% நேஷனல் இன்ஷூரன்ஸ் மிச்சமாகிறது என்பதால், மனிதவளத் துறை இவ்வளவு ஆர்வத்துடன் மின்னஞ்சல் அனுப்புவதில் வியப்பில்லை. முன்பு பெரும்பாலான நிறுவனங்கள் 1,000 பவுண்டைத் தாண்டவிடாமல் வைத்திருந்ததால், நல்ல மின் சைக்கிள் இத்திட்டத்தில் எட்டாக்கனியாக இருந்தது. 2019 ஜூனில் அரசு வழிகாட்டுதல் திருத்தப்பட்டபின், உச்சவரம்பு எவ்வளவு என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். சைக்கிளின் விலை 2,400 பவுண்டு, வாடகைக் காலம் 12 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் மாதம் 200 பவுண்டு கழித்தல் குறியுடன் முதல் வரிகளிலேயே தெரியும். ஆனால் 20% வரி வரம்பில் இருப்பவருக்கு வரியில் 20 சதவீதமும் நேஷனல் இன்ஷூரன்ஸில் 8 சதவீதமும் குறைவதால், கைக்கு வரும் சம்பளம் 144 பவுண்டுதான் குறையும். ஆண்டு முடிவில் நீங்கள் இழந்திருப்பது 1,728 பவுண்டு, மிச்சம் 672. நீங்கள் குறிப்பிடும் 42% என்பது, 40% வரியும் 2% நேஷனல் இன்ஷூரன்ஸும் கட்டும், அதாவது ஆண்டுக்கு 50,270 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் ஒருவரின் கணக்கு. ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதங்களே வேறு என்பதால் அங்கே இந்த எண்கள் சற்று மாறும்.

பலர் இத்துடன் கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் 12 மாதம் முடிந்தபோதும் சைக்கிள் உங்களுடையது ஆகிவிடவில்லை. அதை நிறுவனம் உங்களுக்குச் சும்மா கொடுத்தாலோ, மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலோ, அது வரிக்குரிய சலுகையாகிவிடும். அதனால் வரித்துறை ஒரு மதிப்பு அட்டவணை வைத்திருக்கிறது: 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிளுக்கு ஓராண்டு கழித்து 25%, 18 மாதத்தில் 21%, 4 ஆண்டில் 7%. ஓராண்டு முடிந்த கையோடு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள நினைத்தால் 600 பவுண்டு கட்ட வேண்டும். மொத்தச் செலவு 2,328 ஆகி, ஓராண்டு காத்திருந்ததற்கு 72 பவுண்டுதான் மிஞ்சும். இதைத் தவிர்க்கத்தான், உங்கள் அலுவலகத்துக்காகத் திட்டத்தை நடத்தும் இடை நிறுவனங்கள் நீட்டிப்பு ஒப்பந்தம் என்ற வழியை வைத்திருக்கின்றன. 7%, அதாவது 168 பவுண்டை ஒரே தவணையில் கட்டிவிட்டு, மேலும் 3 ஆண்டுகள் மாத வாடகை இல்லாமல் ஓட்டலாம். அதன்பின் சைக்கிள் உங்களுடையதாகிவிடும். அப்போது மொத்தச் செலவு 1,896 பவுண்டு, மிச்சம் 504, அதாவது 21%. உயர் வரி கட்டுபவருக்கு இதே கணக்கில் 35% மிஞ்சும். ஆகவே சேருவதற்கு முன்பே, உங்கள் திட்டத்தில் இந்த நீட்டிப்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த 21 சதவீதத்தையும் கடையின் விலைப்பட்டியல் தின்றுவிடக்கூடும். கடைக்காரர் திட்டத்தை நடத்தும் இடை நிறுவனத்துக்குத் தரகு கொடுக்க வேண்டியிருப்பதால், தள்ளுபடியில் இருக்கும் சைக்கிளைச் சில கடைகள் இத்திட்டத்தில் தருவதில்லை, அல்லது கூடுதல் கட்டணம் கேட்கின்றன. குளிர்காலத் தள்ளுபடியில் 25% குறைத்து விற்கும் சைக்கிளை ரொக்கம் கொடுத்து வாங்குவது, 20% வரி கட்டுபவருக்கு முழு விலைக்குத் திட்டத்தில் வாங்குவதைவிட மலிவு. வட்டியில்லாத் தவணை என்ற வசதிக்கும் ஒரு மதிப்பு உண்டுதான்; அதை நீங்களே எடை போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தக் காலத்தில் உங்கள் சம்பளம் காகிதத்திலும் குறைகிறது என்பதை மறந்துவிட வேண்டாம். கழித்தபின் அது குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக்கூடாது; 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அது மணிக்கு 12.71 பவுண்டு. சட்டப்படியான பேறுகால ஊதியம் முதல் 6 வாரங்களுக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் 90% என்பதால், குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் இதில் சேரும் காலத்தை யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆண்டுதோறும் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு சேரும் என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு, பிடித்தம் ஓய்வூதியச் சம்பளத்தையும் குறைத்தால், 2,400 பவுண்டுக்கு ஆண்டு ஓய்வூதியம் சுமார் 44 பவுண்டு குறையும். அவர் கட்டும் பங்களிப்பும் குறைகிறது என்றாலும் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வேலை விசாவில் இருந்து, சம்பளம் விசா வரம்பை ஒட்டியிருந்தால், மனிதவளத் துறையிடம் பேசாமல் கையெழுத்திடாதீர்கள். இடையில் வேலையை விட்டால் மீதித் தொகையை வரி பிடித்த சம்பளத்திலிருந்தே எடுத்துக்கொள்வது வழக்கம்.

சைக்கிளைப் பொறுத்தவரை, மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டுக்குள்ளும், உதவி மணிக்கு 15.5 மைலில் நின்றுவிடும்படியும் இருந்தால் உரிமமும் வரியும் காப்பீடும் தேவையில்லை. ஷெஃபீல்டு போன்ற மேட்டு நகரத்தில் மோட்டார் பெடல் அச்சிலேயே அமைந்த வகையைத்தான் பரிந்துரைப்பேன். ஏற்றத்தில் சிக்னலில் நின்று புறப்படும்போது, முன்கூட்டியே கியரைக் குறைத்து வைத்திருந்தால், அது பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிடுவதைப் போலக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை மாடிக்குத் தூக்குவது நடக்காத காரியம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவர முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். குளிரில் கிடந்த பேட்டரி குறைந்த தூரமே ஓடும். லண்டனில் பாதித் தூரம் ரயிலில் போக நினைப்பவர்கள், 2025 மார்ச் 31 முதல் மடிக்க முடியாத மின் சைக்கிள்களுக்குச் சுரங்க ரயிலிலும் எலிசபெத் லைன் என்ற ரயில் தடத்திலும் அனுமதியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருட்டைப் பற்றியும் ஒரு சொல். சைக்கிள் உங்கள் பெயருக்கு மாறாத அந்தக் காலத்திலும் இழப்பு உங்களுடையதே. வண்டி போனாலும் சம்பளப் பிடித்தம் நிற்காது. வீட்டுப் பொருட்களுக்கான காப்பீட்டில் ஒரு பொருளுக்கான உச்சவரம்பு பல நேரங்களில் சைக்கிளின் விலையைவிடக் குறைவாக இருக்கும் என்பதால், பாலிசியைப் படித்துப் பார்த்து, தேவையானால் தனிக் காப்பீடு எடுங்கள். பூட்டு, தலைக்கவசம், விளக்கு ஆகியவற்றையும் திட்டத்திலேயே சேர்த்து வாங்கலாம். பூட்டுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.