சின்னக் காயம், காலில் ஏறும் சிவப்பு: எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

கேள்வி: பாதத்தில் கண்ணாடிச் சில்லு குத்தியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, ரத்தம் நின்றதும் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் பாதம் வீங்கி, கணுக்கால் தாண்டிச் சிவந்து, தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சலும் வந்துவிட்டது. மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டேன். ஆனால் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத காயம் மூன்றே நாளில் எப்படித் தொடைவரை போனது? அதே கண்ணாடி அண்ணன் காலிலும் குத்தியது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை எந்தக் கட்டத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும்? அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் கேட்கிறேன்.

பதில்: அண்ணனின் காலிலிருந்தே தொடங்கலாம், விடையில் பாதி அங்கே இருக்கிறது. கண்ணாடி குத்தியபோது இருவர் தோலுக்குள்ளும் கிருமி போயிருக்கும். கிருமியே போகாத காயம் என்று ஒன்று கிடையாது. தோலின்மேல் எப்போதும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்குக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எந்தத் தொந்தரவும் தராமல் வசிக்கிறது. விரல் வழியாக அது தோலுக்கு வந்துபோய்க்கொண்டே இருக்கும். வறண்டு, லேசான அமிலத் தன்மையோடு, மேலடுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும் தோலைத் துளைத்து அதனால் தானாக உள்ளே போக முடியாது. காயம் பட்டால்தான் அதற்கு வழி.

உள்ளே போனபின் நோய் வருமா வராதா என்பது, எத்தனை கிருமி போனது, காயத்துக்குள் என்ன மிச்சம் இருக்கிறது, அந்த இடத்துக்கு ரத்தம் நன்றாக வருகிறதா என்பவற்றைப் பொறுத்தது. இவற்றில் மிச்சம் இருப்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 1957-ல் தன்னார்வலர்களின் தோலில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஸ்டெஃபைலோகாக்கஸைத் தோலுக்குள் செலுத்திச் சீழ் வரவைக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் பட்டு நூலால் ஒரு தையலும் போட்டிருந்தால் சில நூறே போதுமாக இருந்தது. நூல், கண்ணாடித் துணுக்கு, மரச்சிலாம்பு, மண் போன்ற அந்நியப் பொருளின்மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டு வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். வெள்ளணுக்களால் அவற்றை அங்கிருந்து பெயர்த்து விழுங்க முடிவதில்லை. உங்கள் காலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கோ அழுக்கோ தங்கியிருந்து, அண்ணனுக்கு அப்படி எதுவும் தங்காமல் இருந்திருந்தால், அந்த ஒரு வித்தியாசமே போதும்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். வசதியான சூழலில் இந்த பாக்டீரியாக்கள் அரை மணிக்குள் இரட்டிப்பாகும். உடம்புக்குள் அந்த வேகம் கிடைக்காது. மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கிருமி 10 மணி நேரத்தில் 1,024 ஆகும். 20 மணி நேரத்தில் 10 லட்சத்தைத் தாண்டும். எதிர்த்தரப்பில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சில மணி நேரத்தில் வந்து சேரத் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்தைத் தொடும். அவை திரண்டு வருவதற்குள் கிருமி எண்ணிக்கை கைமீறிப் போகாமல் இருந்தால் காயம் தானாக ஆறிவிடும். காயத்தை உடனே கழுவச் சொல்வது இதற்காகத்தான்.

சிவப்பைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. காயத்தைச் சுற்றிச் சிவந்தாலே கிருமி பரவிவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். சிவப்பு, சூடு, வீக்கம், வலி நான்கும் பெரும்பாலும் உடம்பு செய்யும் வேலை. அடிபட்ட திசுவிலிருந்து வெளியாகும் ரசாயனங்கள் சிறு ரத்தக்குழாய்களை விரிக்கின்றன, அவற்றின் சுவரைக் கசியவும் விடுகின்றன. ரத்தம் கூடுவதால் சிவப்பும் சூடும் வருகின்றன. நீர் கசிவதால் வீக்கம் வருகிறது. வெள்ளணுக்கள் வெளியேறி வருவதும் அதே கசிவின் வழியாகத்தான். ஆகவே எந்தக் காயத்திலும் முதல் இரண்டு நாள் ஓரமாக மெல்லிய சிவப்பு இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். 48 மணி நேரத்துக்குப் பிறகு சிவப்பும் வலியும் கூடினால், கிருமி முந்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி முந்தும்போது எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து நோயின் போக்கு மாறும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தன்னைச் சுற்றி ரத்தத்தை உறையவைத்து வேலி கட்டிக்கொள்ளும். அதனால் ஒரே இடத்தில் கட்டி புடைத்து, நடுவில் சீழ் கோக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் இதற்கு நேர்மாறு. திசுக்களை ஒட்டவைத்திருக்கும் ஹையலுரானிக் அமிலத்தைக் கரைக்கும் நொதியையும், உறைந்த ரத்த இழைகளைக் கரைக்க வழிசெய்யும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் சுரந்து, தடுப்பே இல்லாமல் பக்கவாட்டில் ஓடும். சீழ் இல்லாமல், பளபளப்பாக, ஒரே நாளில் பல சென்டிமீட்டர் படரும் சிவப்பு பெரும்பாலும் இதன் வேலை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு வந்தது இந்த வகைதான். இதை மருத்துவர்கள் செல்லுலைடிஸ் என்பார்கள்.

தொடைவரை போனது எப்படி என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. திசுக்களில் கசியும் நீரை நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சி மேலே கொண்டுபோகின்றன. வீக்கம் கூடக் கூட அந்த ஓட்டத்தில் கிருமிகளும் அடித்துச் செல்லப்படும். குழாயே அழற்சி அடைந்தால் தோலின்மேல் ஒரு சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடுவது தெரியும். காலிலிருந்து வரும் நிணநீர் தொடையிடுக்கு முடிச்சுகளிலும், கையிலிருந்து வருவது அக்குளிலும் வடிகட்டப்படுகிறது. அங்கே வெள்ளணுக்கள் பெருகுவதால் முடிச்சு வீங்கி வலிக்கிறது; நெறி கட்டுவது என்பது இதுதான். தடுப்பு வேலை நடக்கிறது என்பதற்கும், கிருமி காயத்தைவிட்டுக் கிளம்பிவிட்டது என்பதற்கும் அது ஒருசேர அடையாளம். அந்த முடிச்சையும் தாண்டினால் கிருமி ரத்தத்தில் கலக்கும். உடல் நடுங்கும் குளிர்காய்ச்சல் வந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். சில நூறு கிருமிகள் கலந்தால் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து அழித்துவிடும். அவற்றுக்கு மிஞ்சினால், உடம்பின் எதிர்வினையே எல்லை மீறி, ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம், நுரையீரல், மூளை எனத் தொலைவில் இருக்கும் உறுப்புகளைப் பாதிக்கும். அதுதான் செப்சிஸ்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. சிவப்பு தெரிந்தவுடன் அதன் ஓரத்தைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் மணியையும் எழுதுங்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நினைவை வைத்து "கொஞ்சம் கூடியிருக்குமோ" என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். மருத்துவருக்கும் இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைக்காது. கோட்டைத் தாண்டினாலோ, சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ, நெறி கட்டினாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். முகம், கண்ணைச் சுற்றிய பகுதி, மூட்டுக்கு மேலுள்ள தோல், உள்ளங்கை, விலங்கோ மனிதரோ கடித்த இடம் ஆகியவற்றில் என்றால் கோடு போட்டுக் காத்திருக்கவே வேண்டாம்.

அவசரப் பிரிவுக்கே ஓட வேண்டிய நிலை வேறு. நிமிடத்துக்கு 22 முறைக்கு மேல் மூச்சு வாங்குவது (பெரியவர்களுக்கு), பேச்சு குழறுவது, ஆள் தடுமாறுவது, கைகால் சில்லிட்டு நிற்க முடியாமல் தலைசுற்றுவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலைவரை பொறுக்கக் கூடாது. இன்னொன்றை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். தோலைப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது, ஆனால் வலி உயிர்போகிறது என்றால் அது தசைமேல் படியும் உறையை அழிக்கும் தொற்றாக இருக்கலாம். பிறகு தோல் ஊதா அல்லது கருநிறமாகி, கொப்புளம் எழும்பி, அழுத்தினால் நறநறக்கும். நரம்பு செத்து வலி மரத்துப்போவதைக் குணமாகிறது என்று தப்பாக நினைத்துவிடுவார்கள். இதற்கு அறுவை சிகிச்சை மணிக்கணக்கில் தாமதமானாலும் உயிருக்கு ஆபத்து.

காயம் பட்ட உடனே செய்ய வேண்டியது எளிமையானது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குடிக்கத் தகுந்த சுத்தமான ஓடும் நீரில் காயத்தை 5 முதல் 10 நிமிடம் காட்டுங்கள். கிருமிநாசினியைவிட நீரின் ஓட்டமும் அளவும்தான் வேலை செய்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் போன்றவற்றைக் காயத்துக்குள் ஊற்றினால் ஆற வேண்டிய செல்களும் சேர்ந்து சாகும். கண்ணுக்குத் தெரியும் துணுக்கைச் சுத்தமான இடுக்கியால் எடுங்கள். தெரியாததை ஊசியால் நோண்டாதீர்கள். உள்ளே ஏதோ உறுத்துவதுபோலத் தொடர்ந்து இருந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கண்ணாடி பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியும். மரத்துணுக்கு தெரியாது, அதற்கு அல்ட்ராசவுண்டு வேண்டும். விலங்கு கடித்ததென்றால் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அன்றே போக வேண்டும்.

ரணஜன்னி (டெட்டனஸ்) மேலே சொன்ன விதிகளுக்குள் அடங்காது. அதன் வித்துகள் மண்ணில் இருப்பவை. காற்றுப் புகாத ஆழமான குத்துக்காயத்தில் முளைத்து நஞ்சு சுரக்கும். கிருமி காயத்திலேயே இருக்க, நஞ்சு மட்டும் நரம்பு வழியாக மேலேறும். அதனால் சிவப்பு, சீழ், காய்ச்சல் எதுவும் இல்லாமலே, பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுகத் தொடங்கும். முழுத் தடுப்பூசி போட்டவர்களும், அழுக்கான காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டும், சுத்தமான காயத்துக்கு 10 ஆண்டும் ஆகியிருந்தால் ஊக்க ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்து தொடங்கியபின் ஏற்படும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் 24 மணி நேரத்தில், சில சமயம் 48 மணிவரை, சிவப்பு நீங்கள் போட்ட பேனாக் கோட்டைச் சற்றுத் தாண்டலாம். கிருமி செத்தாலும் அதன் சிதைவுகள் அழற்சியைக் கொஞ்ச நேரம் நீட்டிக்கும். அதே நேரத்தில் காய்ச்சலும் வலியும் இறங்கிக்கொண்டிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இரண்டு நாளாகியும் எதுவும் இறங்கவில்லை என்றால் திரும்பிப் போங்கள்: உள்ளே துணுக்கோ சீழோ இருக்கலாம், அல்லது அந்தக் கிருமியிடம் அந்த மருந்து பலிக்காமல் இருக்கலாம். சீழ்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாடிக் போதுமான அளவு போய்ச் சேராது. அதைக் கீறி வெளியேற்றினால்தான் ஆறும். காலை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பது வீக்கத்தை வேகமாக இறக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடவே தொடாதீர்கள். சிவப்பு மங்கும், கிருமி உள்ளே தடையின்றிப் பெருகும்.

அம்மா விஷயத்தில் அளவுகோலை மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் வெள்ளணுக்கள் மெதுவாக நகரும், விழுங்கும் திறனும் குறையும். பாதத்துக்கு ரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். நரம்பு மரத்திருந்தால் வலியே தெரியாது, காய்ச்சலும் வராமல் போகலாம். எனவே அவர் பாதத்தில் தோல் கிழிந்து, சிறிதாகச் சிவந்தாலும் அன்றே காட்டுங்கள். காரணம் தெரியாமல் சர்க்கரை அளவு திடீரென ஏறினாலும் பாதத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒளிந்திருக்கும் தொற்றின் முதல் அறிகுறி சில நேரம் அந்த எண்தான்.

செல்லுலைடிஸ் ஒருவர் காலைத் தொட்டதால் இன்னொருவருக்கு ஒட்டாது, கவலை வேண்டாம். சீழ் வடியும் கட்டியிலிருந்து கிருமி பரவும், ஆகவே அப்போது துண்டு, சவரக்கத்தி, படுக்கை விரிப்பைத் தனியாக வையுங்கள். உங்களுக்கு அதே காலில் மறுபடி வந்தால், கால்விரல் இடுக்குகளைப் பாருங்கள். அங்கே பூஞ்சையால் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும் தோல்தான் பலருக்கும் திரும்பத் திரும்பக் கிருமி நுழையும் இடம். பூஞ்சைக் களிம்பை மருத்துவர் சொன்ன காலம் முழுக்கப் பூசி, குளித்தபின் இடுக்கு ஒவ்வொன்றையும் ஈரமில்லாமல் துடைத்து வாருங்கள்.