அப்பாவுக்கு ஸ்டென்ட், அம்மாவுக்கு மூட்டுவலி: அந்தமானுக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 73 வயது. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை, இரவில் இன்சுலின் எடுத்துக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரையும் உண்டு. அம்மாவுக்கு 68 வயது. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். கடற்கரையில் சில நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இருவருக்கும் நெடுநாள் ஆசை. ஜனவரியில் அந்தமான் போகலாம் என்று ஒரு பயண முகவர் ஐந்து நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். அழைத்துச் செல்லலாமா? (வாசகி, திருச்சி)

மருத்துவர் பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெற்றோரின் நோய்களைவிட, நீங்கள் இணைத்திருந்த ஐந்து நாள் பயணத் திட்டம்தான் எனக்கு அதிகக் கவலை தந்தது. சர்க்கரையும் அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருந்து, நடக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வராதிருந்தால், தாராளமாக அழைத்துச் செல்லலாம். ஆனால் இந்தத் திட்டத்தின்படி வேண்டாம்.

முதலில் விமானம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) செல்ல ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம் ஆகும். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது. சமதரையில் 50 மீட்டர் நடந்து, ஒரு மாடிப் படியேறியும் வலியோ திணறலோ இல்லாதவருக்கு இது பொதுவாகச் சிரமம் தருவதில்லை. ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் அதைக் குறித்துத் தனியான தடை எதுவும் இல்லை. விமான நிலையச் சோதனைக் கருவியில் அது சிக்கிக்கொள்ளும் என்ற பயமும் வேண்டாம். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு அவருடைய இதய மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. இருவருக்கும் விமானச் சீட்டு எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். அம்மா கூச்சப்படுவார், முழங்காலின் வலிமையை விமான நிலையத்தின் நீண்ட நடையிலேயே செலவழிக்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இனி அந்தத் திட்டம். மூன்றாம் நாள் பாராடாங் சுண்ணாம்புக் குகைக்குப் போவதாக எழுதியிருக்கிறது. ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாக, குறித்த நேரங்களில் மட்டும் அனுமதிக்கப்படும் வாகன வரிசையில் செல்ல வேண்டும் என்பதால் விடியலுக்கு வெகு முன்பே கிளம்பிவிடுவார்கள். பிறகு நெடுநேரம் காரில், அதன்பின் படகில், அதன்பின் கரடுமுரடான பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை. இன்சுலின் போட்டுக்கொள்பவர் அரைத் தூக்கத்தில், காலை உணவு எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் செல்லும் பயணம் இது. கிளிமிபிரைடு விழுங்கிவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை வேகமாக இறங்கிவிடும். பாராடாங்கை முற்றிலும் நீக்கிவிடுங்கள். ஐந்தாம் நாள் காலையில் ஹேவ்லாக் தீவிலிருந்து (ஸ்வராஜ் தீவு) கப்பலில் திரும்பி அன்று மதியமே விமானம் ஏறுவதும் தவறு. கடல் சீற்றமாக இருந்தால் கப்பல் ரத்தாகும். ஜனவரியில் அது அபூர்வம் என்றாலும் நடக்கக்கூடியதுதான். விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரில் கழிக்கும்படி மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால் ஏழு இரவுகளாக நீட்டி, இடங்களைப் பாதியாகக் குறைப்பேன். வந்து இறங்கும் நாளில் எதுவுமே வேண்டாம். மறுநாள் மாலை, 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையை, மொட்டை மாடிக்கு ஏறாமல் கீழ்த்தளத்தில் பார்த்தால் போதும். பிறகு ஹேவ்லாக், நீல் (ஷஹீத் தீவு) இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அங்கே நான்கு இரவுகள். உங்கள் அம்மாவுக்கு நான் நீல் தீவைச் சொல்வேன். சிறிய, பெரும்பாலும் சமதரையான ஊர். அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்தைக் காண வழுக்குப் பாறைகளில் நடக்க வேண்டும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகில் உட்கார்ந்தபடியே பவளப்பாறைகளைப் பார்த்துவிடலாம். தரைத்தள அறை, மேற்கத்தியக் கழிப்பறை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இவை மூன்றும் இருக்கின்றனவா என்று விடுதியில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.

தீவுக்குச் செல்லும் வேகக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் மூடிய குளிர்சாதன அறைக்குள்தான் இருக்கை இருக்கும் என்பதால் குமட்டல் வருவது சகஜம். இங்கேதான் உங்கள் அப்பாவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் வாந்திக்கு என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அவோமின், அதாவது புரோமெத்தசின். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஒருவருக்கு இது சிறுநீரை அடைத்துவிடக்கூடும்; முதியவர்களுக்கு மயக்கமும் தடுமாற்றமும் குழப்பமும் தரும். டாம்சுலோசினோ எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும் இயல்புள்ளது. இரண்டும் சேர்ந்த நிலையில், ஆடும் கப்பலிலிருந்து ஈரமான படகுத்துறைப் படியில் அவர் கால் வைப்பதை எண்ணிப் பாருங்கள். மாத்திரை இல்லாமலே சமாளிக்கப் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதியில், சன்னலோரமாக இருக்கை கேட்டு வாங்கி, தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்தபடி இருக்கச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பார்க்க வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. சிறு துண்டு இஞ்சி சிலருக்கு நன்றாகவே உதவுகிறது.

அம்மாவின் விஷயத்தில் எனக்குள்ள அச்சம் வேறு. மூட்டுவலி அதிகமான நாளில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் மிகுதி. டெல்மிசார்டான், அதனுடன் நீர் பிரிக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைடு, அதன்மேல் இந்த வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருவர் உடலில் சேர்ந்திருக்கும்போது வியர்வையாலோ வாந்தியாலோ உடல்நீரும் வற்றினால், சிறுநீரகம் ஓரிரு நாளிலேயே பழுதாகக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஒரு நாளில் நான்கு வரை, போதுமானது. கல்லீரல் கோளாறு இருந்தால் அதையும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். முழங்காலுக்கு நல்ல சிகிச்சை அங்கேயே இருக்கிறது. உயிர்காப்பாளர் நிற்கும், அலையற்ற இடத்தில், யாராவது கையைப் பிடித்துக்கொள்ள, இடுப்பளவு நீரில் மெல்ல நடக்கட்டும். உடல் எடையைத் தண்ணீர் தாங்குவதால் மூட்டுக்கு அந்த நேரம் ஓய்வு. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் கணுக்கால் நனையக்கூட இறங்க வேண்டாம்.

இருவரில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். நீர் பிரிக்கும் மருந்து, டெல்மிசார்டான், மெட்ஃபார்மின் ஆகியவற்றை அப்போது நிறுத்தி வைக்க வேண்டுமா, எத்தனை நாள் என்பதைக் கிளம்பும் முன்பே உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீவில் தொலைபேசி கிடைக்காமல் போகலாம். இன்சுலினை மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது.

அந்த இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கறையில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்துவிட வாய்ப்புண்டு; ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள குப்பியோ பேனாவோ 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைக்காமல், ஈரத்துணி சுற்றிய சிறு பையில் நிழலில் வைத்தாலே போதும். சட்டைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையை மீண்டும் அளந்து பாருங்கள். எல்லா மருந்துகளையும் தேவைக்கு மேல் ஐந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

பாதங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரையில் மதிய வெயிலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். இரண்டு உள்ளங்கால்களிலும் பந்துபோலக் கொப்புளம். அவருக்கு வலியே இல்லை. படுக்கை விரிப்பில் நீர்க்கறையைப் பார்த்த மனைவிதான் கண்டுபிடித்தார். நெடுநாள் சர்க்கரையால் காலில் உணர்ச்சி மரத்திருந்தது. ஆற ஏழு வாரமாயிற்று. 18 ஆண்டு சர்க்கரை நோயாளியான உங்கள் அப்பா மணலிலும் தண்ணீரிலும் குதிகால் மூடிய ரப்பர்க் காலணி இல்லாமல் இறங்கக்கூடாது. பவளம் கீறிய சிறு காயத்தையும் நல்ல தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி இட்டு, சிவந்தாலோ வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வெப்பக் கடல்நீரில் வாழும் சில கிருமிகள் சர்க்கரை உள்ளவர்களிடம் மிக வேகமாகப் பரவும். தினமும் இரவில் அவருடைய பாதங்களை நீங்களே விளக்கொளியில் பாருங்கள்.

அந்தமான் கிழக்கே தள்ளி இருந்தும் நம் கடிகார நேரத்தையே பின்பற்றுவதால், ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. திருச்சியில் நன்றாக வெளிச்சம் இருக்கும் நேரத்தில் அங்கே இருட்டு. ஐந்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடும் வழக்கத்தையும், கையில் ஒரு சிறு டார்ச்சையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்கடல் மூழ்கல், தலையில் கவசம் மாட்டிக் கடலடியில் நடப்பது இரண்டும் அப்பாவுக்கு வேண்டாம். சிறு தீவுகளில் இருப்பவை ஆரம்ப சுகாதார நிலையங்கள்தான். தலைநகரில் அரசின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சில் இறுக்கம், பேச்சுக் குழறல், தலைசுற்றி விழுதல் எதுவானாலும் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல் சுகாதார நிலையத்துக்குச் சென்றுவிடுங்கள். கடைசியாக எடுத்த இசிஜி, ஸ்டென்ட் வைத்தபோது தந்த சுருக்கம், மருந்துப் பட்டியல் ஆகியவற்றின் காகிதப் பிரதி கையில் இருக்கட்டும்.

கொசுவிரட்டிக் களிம்பை மாலையில் மட்டுமன்றிப் பகலிலும் பூச வேண்டும், டெங்கு கொசு பகலில் கடிப்பது. தேங்கிய மழைநீரிலும் சேற்றிலும் கால் வைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தத் தீவுகளில் நெடுங்காலமாக உள்ள நோய். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் இருவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அந்தமான் போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.